பிறந்த வீட்டுத் தண்ணீர்

உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன பைத்தியம்? சீட்டாட்டமா, கிரிக்கெட்டா, பழைய சினிமாப் பாட்டா? எதுவாக இருந்தாலும் நீங்கள் பாக்கியசாலிதான். அவற்றில் ஒன்றுகூட, மண்புழு அடைத்த டப்பாவை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லாது!

என் வீட்டுக்காரருக்குத் தூண்டில் பைத்தியம். உத்தியோகத்தில் இருந்த வரையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைப் பீடித்திருந்த அந்த வியாதி, ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வாரத்துக்கு ஏழு நாளும் என்று ஆகிவிட்டது. பிரிவு உபசாரத்தன்று கூட வேலை பார்த்தவர்கள் ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பட்டுப் புடவை வரும் என்று காத்திருந்தேன். வந்தது என்ன தெரியுமா? ஆறடி நீளத்தில் ஒரு ராடு, அதற்கு ஒரு ரீல், ஒரு சுருள் தங்கூசி நரம்பு, அரை டஜன் ரப்பர் தவளை!

"இது எதற்கு?" என்றேன், தவளையை விரல் நுனியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"விராலுக்கு."

"விரால் என்ன கைக்குழந்தையா, ரப்பர் பொம்மை வைத்து விளையாட?"

அவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். ஏரியில் தாமரை இலைகளுக்கு நடுவே அந்தத் தவளையைத் தத்தித் தத்தி இழுத்து வந்தால், நிஜத் தவளை என்று எண்ணி விரால் பாய்ந்து வந்து கவ்வுமாம். விரால் ஏமாந்ததோ இல்லையோ, நான் ஏமாந்தேன். மறுநாள் விடியற்காலையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்று அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தெருவே எழுந்திருக்கும்படி அலறினேன்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் குடியிருக்கும் ஊர் அப்படி. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊர் நெருங்கும்போது ரயில் பாதைக்குப் பக்கத்தில் கொளவாய் ஏரி தகதகவென்று விரிந்து கிடக்கும். தெற்கே போனால் மதுராந்தகம் ஏரி. வடகிழக்கே தையூர் ஏரி. கிழக்கே கடலோரமாக முட்டுக்காட்டுக் கழி. எல்லாவற்றுக்கும் மேலாக, நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து 348 கிலோ மீட்டர் நடந்து வந்து, வாயலூருக்குப் பக்கத்தில் கடலோடு கலக்கும் எங்கள் பாலாறு. தூண்டிற்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்தால், பொழுது சாய்வது தெரியாது. வீட்டில் உலையில் போட்ட அரிசி குழைவதும் தெரியாது!

நான் கேலி செய்தால் சரித்திரத்தைத் துணைக்கு இழுப்பார். "துரைமார்களே இதற்குப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள், தெரியுமா? சென்னை ராஜதானியில் பெரிய உத்தியோகத்தில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர், இந்தியாவின் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887-இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்" என்பார்.

"அவர் சம்சாரம் என்ன எழுதினாள்?" என்று கேட்பேன். அதற்குப் பதில் வராது.

இப்போது பூகோளமும் சேர்ந்துவிட்டது. கைபேசியில் அமெரிக்காவைக் காட்டுகிறார். அங்கே ஏரிகளில் 'பாஸ்' என்று ஒரு மீனாம். அதைப் பிடிக்கப் போட்டி, பரிசு, படகு எல்லாம் உண்டாம். பிடித்து, நிறுத்துப் பார்த்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்களாம். 1932-இல் ஜார்ஜியா மாகாணத்தில் ஒருவர் பிடித்த பாஸ் பத்துக் கிலோவுக்கு மேல் இருந்ததாம். எழுபத்தேழு வருஷம் கழித்து, 2009-இல் ஜப்பானில் பிவா ஏரியில்தான் அதற்குச் சமமாக ஒன்று கிடைத்ததாம். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பாஸ் மீன் இனத்தில் அம்மா முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவாளாம். கூட்டையும் குஞ்சுகளையும் காவல் காப்பது அப்பாவாம்! "இந்த நல்ல பழக்கத்தை அங்கிருந்து தருவிக்க முடியாதா?" என்று கேட்டேன். கைபேசி அணைந்துவிட்டது.

இவ்வளவு பேசுகிறேனே, நான் மீன் தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பிறந்தது மதுராந்தகத்தில். 1790-களில் ஒரு பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலைக்கு வந்தபோது, கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையின் கண்ணுக்கு ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் கரையைக் காத்து நின்றது தெரிந்தது என்பார்கள். அந்த ஏரி காத்த ராமர் ஊர் எங்கள் ஊர். அப்பா மூங்கில் கழியில் நூல் கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாக்கி, கலங்கல் ஓரத்தில் உட்காருவார். கெண்டை, கெளுத்தி, குறவை என்று எது கடித்தாலும் தக்கை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒரு நாள் தண்ணீரில் செம்மண் கரைத்தாற்போல் ஒரு சிவப்புப் படலம் நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் பொடிப்பொடியாக மீன் குஞ்சுகள்! அதன் அடியில் கறுப்பாக இரண்டு உருவங்கள். "விரால் குடும்பம்" என்றார் அப்பா. "தாயும் தகப்பனும் கூடவே காவல் போகும். குஞ்சோடு இருக்கிற விராலை மட்டும் தொடக் கூடாது, கண்ணு. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி அது." சொல்லிவிட்டுத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்று வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போனோம்.

அந்த அப்பாவின் பெண்ணாகிய நான், போன வருஷம் என்ன செய்யப் பார்த்தேன் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் மருமகளுக்குச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கோட்டை இருக்கிறதே, அந்தக் கடற்கரை ஊர். பையனுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். மருமகள் குணவதி. "அத்தை, அத்தை" என்று என்னையே சுற்றி வருவாள். ஐப்பசியில் அவளுக்கு ஆறு மாதம். கார்த்திகையில் வளைகாப்புச் செய்து பெண்ணை அழைத்துப் போகலாமா என்று சம்பந்தியம்மாள் தொலைபேசியில் கேட்டாள்.

நான் பிடி கொடுக்கவில்லை. இங்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. டாக்டரம்மாள் தெரிந்தவர். மாதாமாதம் பார்த்து வருகிறோம். மழைக் காலத்தில் முப்பது கிலோ மீட்டர் தள்ளி ஒரு கடற்கரை ஊருக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? "வளைகாப்பு நன்றாகச் செய்துவிடலாம், சம்பந்தியம்மா. பெண் இங்கேயே இருக்கட்டும்" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்கள் சொன்னால் சரிதான்" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன், சாப்பிட்டாள். பாலில் குங்குமப்பூப் போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். உடம்பும் தேறியது. ஆனால் சாயங்கால வேளைகளில் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "காற்று வாங்கினேன், அத்தை" என்பாள்.

பையன் ஒரு நாள், "அம்மா, அவளுக்குப் போக ஆசைதான்" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டேன். விஷயத்தை நேரில் பேசி ஒரே அடியாக முடித்துவிட்டு வருவது என்று தீர்மானித்தேன்.

அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சேதி வந்தது. பாலாற்று முகத்துவாரத்தில் மழைத் தண்ணீர் இறங்கி வழி திறந்துவிட்டதாம், கொடுவா கடிக்கிறதாம்! கொடுவா என்றால் தூண்டிற்காரர்களுக்கு ராஜா மீன். கூனல் முதுகு, வெள்ளிச் செதில், இரவில் வெளிச்சம் பட்டால் தணல் மாதிரி மின்னும் கண். ஆஸ்திரேலியாக்காரர்கள் கொண்டாடும் பாரமுண்டியும், வங்காளிகள் உயிரை விடும் பேக்டியும் இதேதான். "அமெரிக்காக்காரனுக்கு ஒரு பாஸ் என்றால் நமக்குக் கொடுவா" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். வாயலூர் போகிற வழியும் சம்பந்தி வீட்டுக்குப் போகிற வழியும் ஒன்றுதானே? "காலையில் நான் தூண்டில் போடுகிறேன். பத்து மணிக்கு நீ போய் உன் சண்டையைப் போடு" என்றார்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. ஆற்றங்கரையை அடைந்தபோது சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்தான்.

பாலாறு என்றால் எனக்கு மணல்தான் ஞாபகம் வரும். வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான் கிடக்கும். 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியதைப் பார்த்துப் பயந்தது ஒன்றுதான் விலக்கு. ஆனால் அன்று முகத்துவாரத்தில் பார்த்தது புதிய காட்சி. மேலே தடுப்பணையைத் தாண்டி வந்த மழைத் தண்ணீர் மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. எதிர்ப்புறத்திலிருந்து கடல் நீலமாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் கை கோத்துக்கொள்ளும் இடத்தில் நுரை ஒரு கோடு கிழித்திருந்தது.

அவர் உயிருள்ள இறாலை முள்ளில் கோத்து, தக்கையைச் சரி பார்த்து, தூரமாக வீசிவிட்டு நின்றார். நான் ஒரு பனை மரத்தடியில் உட்கார்ந்து, சம்பந்தியம்மாளிடம் என்னென்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர் வீச்சு வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். "ஐயா பெரிய மீனுக்கு உட்கார்ந்திருக்காரா?" என்று கேட்டார்.

"கொடுவா வேண்டுமாம்" என்றேன்.

"கெடைக்கும். வாய் தெறந்திருக்கு பாருங்க. அது பொறந்த வூட்டுக்குப் போற நேரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருக்குப் பிறந்த வீடு?"

"கொடுவாவுக்குத்தாம்மா. அது பொறக்கறது உப்புத் தண்ணியிலே. குஞ்சா இருக்கச்சே ஏறி உள்ளே வந்துடும். இந்தக் கழியிலேயும் ஆத்துலேயும் தின்னு வளரும். முட்டை வைக்கணும்னா மட்டும் திரும்பக் கடல் பக்கம் எறங்கிடும். நல்ல தண்ணியிலே எத்தனை வருசம் இருந்தாலும் குஞ்சு வைக்காது."

"முகத்துவாரம் மண் மூடிவிட்டால்?"

"மூடிட்டா உள்ளே மாட்டினது உள்ளேதான். சாவாது. நல்லாத் தின்னும், கொழுக்கும், பாக்கறதுக்கு மினுமினுன்னு இருக்கும். ஆனா வம்சம் தழைக்காது. ஆறு தள்ளி வுடுற வரைக்கும் அந்த மண்மேட்டு ஓரமாவே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

ஆப்பிளும் குங்குமப்பூப் பாலும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. மொட்டை மாடியில் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்ற உருவமும் வந்து நின்றது. நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் பாட்டுக்கு மேலே சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னொரு வேடிக்கை கேளுங்க. ரெண்டு கிலோ, மூணு கிலோ கொடுவா ஆயிரம் அறுத்துப் பார்த்திருப்பேன், சினையே இருந்ததில்லே. பெரிசா அஞ்சு கிலோ, ஆறு கிலோ வந்துச்சுன்னா அதிலேதான் சினை. சின்னதெல்லாம் ஆம்பிளே, பெரிசெல்லாம் பொம்பிளே. அது எப்படின்னு அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

பெரியவர் கதை கட்டுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு பையன் விசாரித்துச் சொன்னான். அத்தனையும் அட்சரசுத்தமான உண்மை. கொடுவா முதலில் ஆணாகத்தான் வளர்ந்து பருவத்துக்கு வருமாம். சில வருஷம் தகப்பனாக இருந்துவிட்டு, அதே மீன் பிறகு பெண்ணாக மாறித் தாயாகிறதாம்! ஆண்பிள்ளையாக இருந்து பார்த்துவிட்டு, பெண்ணாக இருப்பதே மேல் என்று தீர்மானிக்கிற ஜீவன் உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

இன்னொன்றும் பையன் சொன்னான். நம் முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1987-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1997-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தவர்கள் அவர்கள்தான். ஊசி போட்டு, வேளை பார்த்து, சாட்சாத் ஆஸ்பத்திரிப் பிரசவம்! ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாளைக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். குஞ்சுகள் வளர்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீருக்குப் பழக்கி ஏரி குளங்களிலும் விடலாம். ஆனால் பிரசவத் தொட்டியில் மட்டும் கடல் தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டுமாம். எவ்வளவு பெரிய விஞ்ஞானியாக இருக்கட்டும், எத்தனை ஊசி போடட்டும், பிறந்த வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்காமல் முடியாது!

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று பனை மரத்தடியில் எனக்கு நினைவு வந்தது வேறு.

1988-ஆம் வருஷம். என் பையன் என் வயிற்றில் ஏழு மாதம். மதுராந்தகத்திலிருந்து அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள், ஒரு கையில் பழக் கூடை, இன்னொரு கையில் விரால் குழம்புத் தூக்கு. என்னை அழைத்துப் போக வந்தாள். என் மாமியார் கெட்டவரல்ல. "இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது அங்கே எதற்கு, சம்பந்தியம்மா?" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "நீங்கள் சொன்னால் சரிதான்" என்றாள். என் தலையை ஒரு தரம் தடவினாள். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாக அவள் முந்தானை தெரு முனையில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அம்மா காலமாகிவிட்டாள். எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை. பையன் சுகமாகப் பிறந்தான். ஆனால் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், வாய்க்கு வந்ததை உளறி, பயமாக இருக்கிறது என்று அழுது, அவள் கையால் சாப்பிட்டிருக்க வேண்டிய அந்த மூன்று மாதம் எனக்குக் கிடைக்கவே இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

எனக்கு நேர்ந்ததை நான் மறக்கவில்லை. அதே வார்த்தைகளைத் தொலைபேசியில் நானே சொன்னபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை! "நீங்கள் சொன்னால் சரிதான்" என்று சம்பந்தியம்மாளும் அதே குரலில்தானே சொன்னாள்? இத்தனை நாளாக என் மாமியாரை மண்மேடு என்று நினைத்திருந்தேன். இப்போது வழியை மறித்துக்கொண்டு கிடக்கும் மண்மேடு யார்?

"ஐயோ! ஐயோ! இங்கே வா!" என்று ஒரு கூச்சல்.

எழுந்து ஓடினேன். தூண்டில் கழி வில்லாக வளைந்திருந்தது. ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு நரம்பை விட்டது. அவர் முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளாடினார். நாற்பது அடி தூரத்தில் தண்ணீர் பிளந்தது. பளபளவென்று ஒரு பெரிய உடம்பு முழுசாக வெளியே எகிறித் தலையை இரண்டு பக்கமும் உதறியது. அம்மாடி! என்ன நீளம், என்ன வெளிச்சம்!

"பொம்பிளே மீனு! பொம்பிளே மீனு!" என்று பெரியவர் கத்தினார். "நரம்பைத் தொய்ய வுடாதீங்க! செவுள் மூடி அரிவாள்மணை மாதிரி இருக்கும், அறுத்துடும்!"

அவர் சுற்றினார், அது இழுத்தது. அவர் ஓரடி முன்னே போனார். அது கடல் பக்கமாகத் திரும்பியது. கால் மணி நேரம் இப்படி நடந்திருக்கும். நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூடக் குடித்தனம் பண்ணின மனிதர் ஒரு பக்கம்; பிறந்த வீட்டுக்குக் கிளம்பின ஒருத்தி இன்னொரு பக்கம்!

இன்னொரு தரம் எகிறினாள். 'டப்' என்று ஒரு சத்தம். கழி நிமிர்ந்துவிட்டது. நரம்பு காற்றில் பறந்தது. நுரைக் கோட்டுக்கு அப்பால் நீலத் தண்ணீரில் ஒரு சுழி தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "போய்விட்டதே!" என்றார்.

"போகட்டும், விடுங்கள். அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் கண்ணைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு நல்ல குணத்துக்காகத்தான் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் தவளையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து மணிக்குள் இன்னொரு கொடுவா கிடைத்தது, ஒன்றேகால் கிலோ. "இது பையன்" என்று சிரித்தார் பெரியவர். அதைத் தாமரை இலையில் சுற்றிக் கொடுத்தார்.

சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கினேன். சம்பந்தியம்மாளுக்கு என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. என்ன குற்றம் கண்டுபிடித்துச் சொல்ல வந்திருக்கிறேனோ என்ற பயம். "வாங்க, வாங்க" என்று ஓடி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்தபோது, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த என் அம்மா நெஞ்சில் வந்து நின்றாள்.

"சம்பந்தியம்மா, கார்த்திகையில் வளைகாப்பு வைத்துக்கொள்ளலாம். மறுநாளே பெண்ணை அழைத்து வந்துவிடுங்கள்" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து நடைமுறையைப் பேசினோம். அன்பு வேறு, ஜாக்கிரதை வேறு அல்லவா? பரிசோதனைக்கு அதே டாக்டரம்மாளிடம் தவறாமல் வருவது. ஒன்பதாம் மாதக் கடைசியில் அம்மாவும் பெண்ணுமாக எங்கள் வீட்டில் வந்து தங்குவது. பிரசவம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். ஆனால் அதற்கு முன்னும், பிள்ளை பெற்ற பின்னும், அவள் அம்மா கையில். "பால்சுறாப் புட்டு நான் செய்து போடுகிறேன்" என்றாள் சம்பந்தியம்மாள். அது கடற்கரைக்காரிகளின் கைப்பக்குவம். ஏரிக்கரையில் பிறந்த எனக்கு வராது என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்த ஒன்றேகால் கிலோப் 'பையன்' அன்று அங்கேயே குழம்பானான். புளியும் மாங்காயும் போட்டு, மண் சட்டியில் அவள் வைத்த அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகுதான், என் வீட்டுக்காரருக்குப் போன மீனின் துக்கம் ஒருவாறு ஆறியது.

மாசியில் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் மூன்று மாதம் சதுரங்கப்பட்டினத்தில் இருந்துவிட்டு, போன வழியாகவே திரும்பி வந்தார்கள். மருமகள் படியேறி வந்ததும் என் காலில் விழப் போனாள். பிடித்து நிறுத்திவிட்டேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பே எனக்குப் போதும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு மருமகள் சாயங்கால வேளைகளில் மாடியில் நின்று ஒரு திசையையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு நீங்கள் ஒரு குறையும் வைத்திருக்க மாட்டீர்கள். நானும்தான் வைக்கவில்லை! ஆனாலும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். வழி திறந்துவிட்டால் போய்விடுவாளோ என்று பயப்படாதீர்கள். கடலுக்குப் போகிற கொடுவாவின் குஞ்சுகள்தாம் மறுபடியும் நம் ஆற்றுக்கு ஏறி வருகின்றன.

பேத்தி இப்போது தொட்டிலில் காலை உதைத்துச் சிரிக்கிறாள். எதைப் பார்த்து என்கிறீர்களா? தாத்தா தொட்டிலுக்கு மேலே கயிறு கட்டி ஒரு பச்சை ரப்பர் தவளையைத் தொங்கவிட்டிருக்கிறார்.

முள்ளைக் கழற்றிவிட்டுத்தான். நானே பார்த்துவிட்டேன்!